எடை பார்த்து வாங்கின எஸ்எம்பிஎஸ்

அன்னைக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். எலக்ட்ரானிக் சாமான் கடைங்க இருக்கற எஸ்.பி. ரோட்டுக்குப் போகணும், கம்ப்யூட்டருக்கு ஒரு எஸ்எம்பிஎஸ் வாங்கணும், திரும்பி வரணும்.

எஸ்எம்பிஎஸ்னா கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள உக்காந்து மத்த எல்லாத்துக்கும் கரெண்ட் பிரிச்சுக் குடுக்கற தகர டப்பா. அது சும்மா சாகாது. செத்தா, கூடவே நாலு பார்ட்ஸையும் இழுத்துக்கிட்டுத்தான் போகும்.

இது நடந்தது ரெண்டாயிரத்து ஒண்ணோ ரெண்டோ. எனக்கும் கௌரிக்கும் பூ வெச்சு முடிஞ்சிருந்தது. கல்யாணத் தேதி மட்டும் குறிக்கல.

காரணம், கௌரியோட தாய்மாமன் மணி. ஆஸ்டின் டவுன்ல மளிகைக் கடை வெச்சிருந்தாரு.

"சாஃப்ட்வேர்ங்கறான். என்ன வேலைன்னு கேட்டா முழிக்கறான். இவனை நம்பி எப்படிம்மா தேதி குறிக்கறது?"ன்னு தன் அக்கா, அதாவது கௌரி அம்மாகிட்ட கேட்டிருக்காரு.

அவர் கேட்டதுல தப்பே இல்ல. ஹெப்பகோடி பக்கத்துல ஒரு கம்பெனியில எனக்கு டெஸ்டிங் வேலை. யாரோ எழுதின புரோகிராம்ல பட்டனை அமுக்கணும். வேலை செய்யலன்னா, "வேலை செய்யல"ன்னு எழுதி அனுப்பணும். மாசக் கடைசியில சம்பளம். இதை எந்த மாமாகிட்ட, எந்த வாயால சொல்றது?

அந்த நேரத்துல கௌரி தன் சம்பளத்துல சேர்த்து, வீட்டுல ஒரு அசெம்பிள்டு கம்ப்யூட்டர் போட்டா. அவ ஆபீஸ் ஆள் ஒருத்தர் எல்லாத்தையும் மாட்டிக் குடுத்துட்டு, "கேபினெட்டோட ஓசியில வர்ற எஸ்எம்பிஎஸ் வேண்டாம். தனியா நல்லதா ஒண்ணு பார்த்து வாங்குங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

கௌரி அப்பா, என் வருங்கால மாமனார், கையைத் தட்டினாரு. "அதுக்கென்ன! நம்ம மாப்ள இருக்காரே! கம்ப்யூட்டர் கம்பெனி! ஞாயித்துக்கிழமை அவர் கையாலயே ஆன் பண்ணட்டும். மச்சானையும் வரச் சொல்றேன். அன்னைக்கே தேதியையும் குறிச்சிடுவோம்."

"எனக்கு அந்த டப்பாவைப் பத்தி ஒண்ணும் தெரியாது மாமா"ன்னு சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷ அவமானத்தோட போயிருக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"விடுங்க மாமா, நான் பார்த்துக்கறேன்."

கம்பெனி பஸ்ல பக்கத்து சீட்டுக்காரன்கிட்ட கேட்டேன். "நல்ல எஸ்எம்பிஎஸ் கனமா இருக்கும், மச்சி. லேசா இருந்தா டூப்ளிகேட்"னான். அவனும் டெஸ்டிங்தான்.

சனிக்கிழமை மாமனாரும் நானும் எஸ்.பி. ரோட்டுல இறங்கினோம்.

"ஏனு பேக்கு சார்? ஹேளி"ன்னு, என்ன வேணும்னு கன்னடத்துல கேட்டாரு ஒரு கடைக்காரர். நாங்க தமிழ்ல குசுகுசுன்னு பேசிக்கிட்டதும் அவரும் தமிழுக்கு மாறிட்டாரு. "எவ்ளோ வாட்ஸ் சார்? என்னென்ன மாட்டியிருக்கீங்க?"

பாவம், ஒழுங்காத்தான் கேட்டாரு. அட்டைப் பெட்டியில இருந்த ஒண்ணை எடுத்து வெச்சாரு. "இது நம்பி வாங்கலாம் சார். வாரண்டி இருக்கு. மாட்டி ஓட்டியே காட்டறேன்."

நான் அதைத் தூக்கிப் பார்த்தேன். முகத்தைச் சுளிச்சேன்.

"லேசா இருக்கே."

"சார், வாட்ஸ் பாருங்க..."

"வாட்ஸை யார் வேணா ஸ்டிக்கர்ல அடிச்சு ஒட்டலாம். கனம் பொய் சொல்லாது!"

மாமனார் என்னைப் பெருமையாப் பார்த்த பார்வை இருக்கே! இருபது வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டினவரு, பெரிய டாக்டர்களைக் கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாரு.

அடுத்தது எடுத்தாரு. தூக்கினேன். "இன்னும் கனமா?" இன்னொண்ணு. "இதைவிடக் கனமா?" மாமனாரும் தூக்க ஆரம்பிச்சாரு. ஆளுக்கு ஒரு கையில வெச்சுக்கிட்டு, பலாப்பழம் வாங்க வந்த மாதிரி நின்னோம்.

கடைக்காரர் எங்க ரெண்டு பேரையும் ஒரு நிமிஷம் பார்த்தாரு. அவர் முகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு.

"உங்களுக்குப் பொருள் தெரியும் சார். உங்க மாதிரி ஆளுக்குன்னே உள்ள ஒண்ணு இருக்கு. சொல்ப இரி, கொஞ்சம் இருங்க, எடுத்துட்டு வர்றேன்."

உள்ள போனாரு. போனவர் வரவே இல்ல. ஸ்க்ரூட்ரைவர் சத்தம் கேட்டுச்சு. ஏதோ டொக்குன்னு விழற சத்தமும் கேட்டுச்சு.

"நல்ல சரக்கை உள்ளதான் பத்திரமா வெச்சிருப்பாங்க, மாமா"ன்னு நான் விளக்கம் சொன்னேன்.

வந்தாரு. குடுத்தாரு. கை அப்படியே கீழ இறங்கிச்சு. இதுதான்டா எஸ்எம்பிஎஸ்!

"மாட்டிக் காட்டட்டுமா?"ன்னு இந்தத் தடவை அவர் கேக்கல. நானும் கேக்கல.

ஆட்டோவுல மாமனார் அதைக் குழந்தை மாதிரி மடியில வெச்சுக்கிட்டாரு. ஒரு பள்ளத்துல ஆட்டோ இறங்கினப்ப டப்பாவுக்குள்ள டொக்குனு ஒரு சத்தம்.

"என்ன மாப்ள சத்தம்?"

"அது காயில், மாமா. கனமான காயில்னா அப்படித்தான்."

சொல்லும்போது எனக்கு நாக்கு கூசவே இல்ல. எனக்கே ஆச்சரியமா இருந்தது.

ஞாயித்துக்கிழமை மானிட்டருக்குக் குங்குமம், கீபோர்டுக்குப் பூ, மௌஸுக்குப் பக்கத்துல எலுமிச்சம்பழம். தாம்பாளத்துல பஞ்சாங்கம் தயாரா இருந்துச்சு. மணி மாமா கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு.

நாலு ஸ்க்ரூ போட்டு டப்பாவை மாட்டினேன். ஸ்விட்சைப் போட்டேன். உள்ள ஃபேன் சுத்துச்சு, மானிட்டர்ல படம் வந்துச்சு! மாமியார் கற்பூரம் காட்டினாங்க. மணி மாமாவே கையைப் பிரிச்சு, "பரவால்லியே"ன்னாரு.

அத்தோட விட்டிருக்கலாம். மாமனார் பெட்டியை உத்துப் பார்த்தாரு.

"மாப்ள, முகம் தெக்கால பார்க்குதே! நல்ல காரியம் பேசப் போறோம், கிழக்கு பார்த்து வெச்சுடுங்களேன்."

"தாராளமா மாமா"ன்னு, ஓடிக்கிட்டிருந்த பெட்டியை அப்படியே சாய்ச்சுத் தூக்கித் திருப்பினேன்.

டொக்.

டப்!

பின்னாடி ஒரு நீல வெளிச்சம். புகை. வீட்டு ஃப்யூஸ் போச்சு. பக்கத்து வீட்டு டிவியும் நின்னுடுச்சு போல, "யார்றா அது!"ன்னு ஒரு குரல் வந்துச்சு.

எல்லாரும் என்னையே பார்த்தாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலையை நான் செஞ்சேன்.

"வேலை செய்யல"ன்னேன்.

மணி மாமா பிளக்கைப் புடுங்கிட்டு, டப்பாவைக் கழட்டச் சொன்னாரு. கழட்டினேன். அவரே மூடியைத் திறந்தாரு. உள்ள கருகின வயருக்கு நடுவுல, சைக்கிள் ட்யூப் துண்டு சுத்தி, கறுப்பா ஒரு இரும்புக் கட்டி.

வேட்டியில துடைச்சுத் திருப்பிப் பார்த்தாரு. மளிகைக்காரருக்கு அதை அடையாளம் காட்ட யாரும் வேண்டியதில்ல. தராசுல போடற எடைக்கல்!

"அரைக்கிலோ"ன்னாரு. அடியில இருந்த முத்திரையைப் பார்த்தாரு. "முத்திரையும் காலாவதி. இதை என் கடையில வெச்சிருந்தா அபராதம் போடுவான்."

மாமனார் அப்பவும் என்னை விட்டுக் குடுக்கல. "ஆனா மாப்ள கனமா இருக்குன்னு சொன்னாரு பாருங்க மச்சான், அது சரியாத்தானே இருக்கு?"

கௌரி என் முன்னால வந்து நின்னா. அவ சம்பளம்தான் புகையாப் போய்க்கிட்டிருந்தது. இத்தனை பேர் முன்னாடி பூவைத் திருப்பிக் குடுத்துடுவாளோன்னு நெஜமாவே பயந்துட்டேன்.

"நீங்க டெஸ்டிங்லதானே இருக்கீங்க?"

"ஆமா."

"கடையில ஒரு தடவை மாட்டி டெஸ்ட் பண்ணிப் பார்க்கத் தோணலையா?"

நான் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தேன்.

கௌரி அவ மாமா பக்கம் திரும்பினா. "தேதியைக் குறிங்க, மாமா. இவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு இப்பவே தெரிஞ்சுடுச்சு. இனிமே புதுசா அதிர்ச்சியடைய என்ன இருக்கு?"

மணி மாமா சிரிச்ச சிரிப்புல மறுபடி ஃப்யூஸ் போயிருக்கும், கரெண்ட் இருந்திருந்தா.

மறுநாள் கௌரி மட்டும் எஸ்.பி. ரோட்டுக்குப் போனா. எடைக்கல்லைக் கடை கல்லாமேல வெச்சா. ஒரு வார்த்தை பேசலியாம். கடைக்காரரும் பேசாம, முதல்ல எனக்குக் காட்டின அந்த அட்டைப் பெட்டியை எடுத்து, மாட்டி ஓட்டியும் காட்டிக் குடுத்திருக்காரு. நான் லேசுன்னு தள்ளினதேதான். மதர்போர்டு எப்படியோ பிழைச்சிருந்தது. அந்தக் கம்ப்யூட்டர் அதுக்கப்புறம் ஒரு நாள் கூட மக்கர் பண்ணல.

எடைக்கல்லை அவ திருப்பிக் கொண்டு வந்துட்டா. மணி மாமா கேட்டிருந்தாராம். எதுக்குன்னு எனக்குக் கல்யாண மேடையில தெரிஞ்சது. ஜிகினாத் தாள் சுத்தி, ரிப்பன் கட்டி என் கையில வெச்சாரு. பிரிச்சுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்ல, கை இறங்கினப்பவே புரிஞ்சுடுச்சு.

இப்பவும் எங்க வீட்டுக்கு எந்தச் சாமான் வாங்கினாலும் பார்த்து வாங்கறது கௌரிதான். நானும் கூடப் போவேன், தூக்கிட்டு வர.