தறிக்குள் போன மூக்குக்கண்ணாடி

அன்பு மைத்துனனுக்கு,

இங்கு அனைவரும் நலம். தறி எல்லோரையும்விட நலம். உன் நலம் அறிய ஆவல் என்று எழுத வேண்டும். இந்த முறை ஆவல் இல்லை, ஆத்திரம்தான். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் நீதான் காரணம்.

உன் அக்கா பிறந்தநாளுக்குத் தறி அனுப்பினாயே, ஒரு கைப்பை அனுப்பியிருந்தால் பீரோவில் வைத்து மறந்திருப்போம். தறியை எங்கே வைத்து மறப்பது? ஹாலில் ஜன்னலோரம் என் சாய்வு நாற்காலி இருந்த இடத்தில் அது ஏறி உட்கார்ந்துவிட்டது. இனி ஓர் அங்குலம்கூட நகராதாம். நானும் நாற்காலியும் செருப்பு அலமாரிக்கும் குளியலறைக் கதவுக்கும் நடுவே குடியேறினோம். சரி, ஒரு துண்டாவது நெய்வாள், தலை துவட்டலாம் என்று பொறுத்தேன். உன் அக்கா துண்டு நெய்கிற ஆளா? தட்டையாக நெய்வது யார் வேண்டுமானாலும் செய்வதாம். அவள் துணி எழுந்து நிற்க வேண்டுமாம். நீளவாட்டில் நூல் கட்டிய ஒரே பாவில் மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவே ஒரு பை. அதில் பஞ்சை அடைத்து, வாயையும் நெய்து மூடி, குறுக்கே ஓடும் ஊடை நூலோடு கம்பி வேறு கொடுக்கிறாள். தறியில் இருக்கும்வரை அது என்னவென்று பார்க்கிறவனுக்குப் புரியாது. அறுத்து இறக்கி நூல்களைச் சுண்டி இழுத்தால்தான் உருவம் எழும்பும். முதலில் எழும்பியது சங்கு என்றாள். நான் காலில் மாட்டிப் பார்த்தேன், கச்சிதமாக இருந்தது. வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். அடுத்தது மலை. அது எழுந்து, என்னை ஒரு பார்வை பார்த்து, பக்கவாட்டில் படுத்துக்கொண்டது.

"கட்டிக்கவும் ஆகாது, துடைக்கவும் ஆகாது, இதுக்குப் பேரு துணியா?" என்றேன்.

"இல்லை, சிற்பம். தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது."

அப்புறம் ஒருநாள் திடீரென்று டேப்பை எடுத்து என் வயிற்றை அளந்தாள். ஆஹா, மனம் திருந்தி எனக்குச் சட்டை தைக்கிறாள் என்று மூச்சை உள்ளே இழுத்தேன். "எப்பவும் போல விடுங்க" என்று அதட்டினாள். சட்டையைக் காணோம், தறியில்தான் புதிதாக ஒன்று வீங்க ஆரம்பித்தது. எதிர்வீட்டுப் பல் டாக்டர் எட்டிப் பார்த்து, "இந்த வீக்கத்துக்கு என்கிட்ட மருந்து இல்லை சார்" என்று போய்விட்டார். அதில் பாதி நெய்த பை வாய் திறந்து கிடந்ததா, பேப்பர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி அதில் வைத்தேன். வீட்டில் எனக்கு வேறு இடம் ஏது? குளித்துவிட்டு வருவதற்குள் பஞ்சைத் திணித்து, வாயை மூடி, மேலே மேலே நெய்துகொண்டு போகிறாள்!

"அறுத்து எடுத்துக் குடும்மா."

"பாதியில அறுத்தா மொத்தமும் பாழ். முடியட்டும். அதுவரைக்கும் பேப்பரை நான் படிச்சுச் சொல்றேன்."

படித்துச் சொல்கிறாள், நெசவுக் கண்காட்சி அறிவிப்பை மட்டும். இந்த மூட்டையை அங்கே வைக்கப் போகிறாளாம். ஊர் சிரிக்காதா?

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வேனோடு வந்து தறியைக் கழற்றிக்கொண்டு போ. என் ஜன்னலும் கண்ணாடியும் எனக்கு வேண்டும். உன் அக்காவை நான் சமாளிக்கிறேன். நான் அவளைச் சமாளித்து நீ பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகள் எந்தக் கைவேலையும் கற்காமல் நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
இடமும் பார்வையும் இழந்த
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அறுத்து இறக்கிவிட்டாள். நூலைச் சுண்டினாள். முதலில் தொப்பை எழுந்தது. அதன் பின்னால் நிதானமாக, ஒரு பக்கம் சாய்ந்தபடி, நான் எழுந்தேன். அளவெடுத்தது இதற்குத்தான். தலையே வைக்கவில்லை, ஆனாலும் பல் டாக்டர் வாசலிலிருந்தே, "அட, சார் உட்கார்ந்திருக்காரே!" என்றார். கண்ணாடி தொப்பைக்குள்ளேதான் இருக்கிறது. பிரித்தால் இளைத்துவிடுவேன் என்கிறாள். வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். நகராது என்ற தறியை நகர்த்தி, என் நாற்காலியை ஜன்னலோரம் போட்டு, அதில் அதை உட்கார வைத்திருக்கிறாள். நீ தறியைத் தொடாதே. வேன் மட்டும் கட்டாயம் வேண்டும், கண்காட்சிக்கு. என்னை முன் சீட்டில் சாயாமல் உட்கார வைத்து பெல்ட் போட்டுவிடு. நான் பின்னால் ஏறிக்கொள்கிறேன்.