கட்டைவிரல் ரேகை தெளிவாக இல்லை

கட்டைவிரல் மனிதனுக்கு இன்றியமையாத உறுப்பு என்பதை எல்லா அலுவலகங்களும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் அதை வைத்துத்தான் தாங்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்கிறார்கள். போடத் தெரிந்தவர்களையும் இப்போதெல்லாம் மெஷின் நம்புவதில்லை. ஆகவே மறுவாழ்வு சிகிச்சை மையத்தில் ஒரு கட்டைவிரல் அசைய மறுத்தபோது நிர்வாகம் அதில் மிகுந்த அக்கறை காட்டியது. அந்த அக்கறை முடிவுக்கு வர ஐந்து மாதம் பிடித்தது.

விரல் பூட்டு அண்ணனுடையது. பூட்டு ரிப்பேர் செய்பவர் என்பதால் அந்தப் பெயர். பக்கவாதம் வந்து கால் தேறிவிட்டது, பேச்சு தேறிவிட்டது, வலது கட்டைவிரல் மட்டும் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. சாவி திருப்பக் கட்டைவிரல் வேண்டும். "இடது கையால திருப்பிப் பாருங்களேன்" என்று யாராவது சொன்னால் அண்ணனுக்கு மூக்கு சிவந்துவிடும். இடது கையால் திறப்பது பூட்டுக்கே அவமானம் என்பது அவர் கட்சி. கடை மூன்று மாதமாக மூடிக் கிடந்தது.

அவருக்குச் சிகிச்சை கொடுத்தவளை மையத்தில் எல்லோரும் தெரபி மேடம் என்பார்கள். அண்ணன் மட்டும் டாக்டரம்மா என்பார். நான் டாக்டர் இல்லை என்று நாற்பது தடவை சொல்லிவிட்டு அவளும் ஓய்ந்துவிட்டாள். ரப்பர் பந்து கொடுத்தாள், களிமண் கொடுத்தாள், துணிக் கிளிப் கொடுத்தாள்.

"பந்தைப் பிசைஞ்சுக்கிட்டு உக்கார நான் என்ன கைக்குழந்தையா டாக்டரம்மா?" என்று அண்ணன் பந்தை ஜன்னல் வழியாக வீசினார். வீசியது இடது கை.

தெரபி மேடத்தின் கணவருக்கு அப்போது ரெட்ரோ பைத்தியம் பிடித்திருந்தது. புதிதாக வாங்கும் எதுவும் பழசாகத் தெரிய வேண்டும். பேன்ட் முழங்காலில் கிழிந்தே வந்தது. கடிகாரம் நின்றுபோனதாகவே வந்தது. கடைசியாக வந்தது ஒரு வீடியோ கேம் கன்ட்ரோலர். ஆளைப் பயமுறுத்தும் பதினாறு பொத்தான்கள் அதில் இல்லை. இடப்பக்கம் ஒரு சிலுவைக் கட்டை, வலப்பக்கம் இரண்டு பெரிய சிவப்புப் பொத்தான், அவ்வளவுதான். டிவியில் சொருகினால் ஒரு குட்டி மனிதன் ஓடுவான், சிவப்பை அழுத்தினால் தாவுவான். பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. பழுப்பு ஃபேக்டரியிலேயே ஏற்றியது.

"சும்மா பத்து வருஷம் வச்சிருந்தா தானா பழுக்குமே" என்றாள் மேடம்.

"பத்து வருஷம் காத்திருக்கிறது பழைய காலத்து வழக்கம்" என்றார் கணவர்.

ஒரு நாள் அவள் அதைக் கைப்பையில் ஒளித்து எடுத்துப் போய், மையத்தின் கூடத்து டிவியில் சொருகி, பூட்டு அண்ணன் கையில் கொடுத்தாள். குட்டி மனிதன் ஓடினான். முதல் குழியில் விழுந்தான். அண்ணன் திட்டினார். விறைத்த விரலை முழுக் கையோடு சிவப்பில் இடித்து இடித்து மறுபடி ஓட விட்டார். ஒரு மணி நேரம் கழித்து முதல் குழியைத் தாண்டி, இரண்டாவதைத் தாண்டி, மூன்றாவதில் விழுந்தான். அண்ணன் பல்லைக் கடித்தபோது கட்டைவிரல் ஒரு நெல்மணி அளவு அசைந்தது. அவர் கவனிக்கவில்லை, அவருக்குக் குழிதான் பெரிது. அவள் கவனித்தாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அந்த மூணாவது குழி, டாக்டரம்மா. அதை ஒரு தடவை தாண்டிட்டேன்னா போதும்" என்றார் அண்ணன்.

அன்று மாலை வீட்டில் விஷயம் தெரிந்துவிட்டது. "என் உயிரை வேணும்னாலும் கேளு, தர்றேன். இதை மட்டும் கேக்காதே" என்று கணவர் கன்ட்ரோலரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். சரி, மையத்துக்கே ஒன்று வாங்கிவிடலாம் என்று அவள் முடிவு செய்தாள். கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்னவர்கள், அலுவலகத்தில் ஒரு பொருள் வாங்கிப் பார் என்று மூன்றாவதாகச் சொல்லாமல் விட்டது பெரிய துரோகம்.

ஸ்டோர் அதிகாரி விண்ணப்பத்தைப் படித்தார். "பழமைத் தோற்றமுடைய விளையாட்டுக் கட்டுப்பாட்டுக் கருவி, எண்ணிக்கை ஒன்று" என்று எழுதியிருந்தது.

"இது புதுசா, பழசா?"

"புதுசுதான் சார். பாக்கப் பழசு மாதிரி இருக்கும்."

"பழசு வாங்கக் கூடாதுன்னு ரூல் இருக்கே."

"புதுசுன்னுதானே சார் சொல்றேன்."

"புதுசுன்னா ஏன் பழசா இருக்கணும்? எங்க ஸ்டோர்ல இருக்கிறதெல்லாம் பழசாத்தான் இருக்கு. அதுக்காக நாங்க யார்கிட்டயாவது பெருமையடிச்சிருக்கோமா?"

"அது ஃபேஷன் சார். எனக்கு அதுல ரெண்டே பொத்தான் இருக்கிறதுதான் முக்கியம். விரல் விறைச்சவங்களுக்கு அதுதான் வசதி. வேணும்னா நானே ஒண்ணு வாங்கிட்டு வந்துடறேன்."

ஸ்டோர் அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்தார். "சொந்தப் பொருளால நோயாளி குணமாயிட்டா? அந்தக் குணத்துக்கு யார் பொறுப்பு? நாளைக்கு ஆடிட்ல கேட்டா நான் எங்கே போய் நிக்கிறது?"

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் யாரும் இதுவரை பிறக்கவில்லை.

எனவே ஒரு குழு அமைந்தது. மேற்படி கருவி வாங்கத் தகுந்ததா எனத் தீர்மானிக்கும் மூவர் குழு. இயக்குநர், மூத்த டாக்டர், ஸ்டோர் அதிகாரி. கம்பெனிக்காரன் மாதிரிக்கு ஒரு கன்ட்ரோலரை அனுப்பிவைத்தான். இயக்குநர் ரெட்ரோ தெரிந்தவர். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு கீறல் கூட இல்லையே, இதை எப்படி நம்புவது என்று கவலைப்பட்டார். ஆகவே இது முழுக்கப் புதியது என்று ஒரு சான்றும், உண்மையாகவே பழைய தோற்றம் கொண்டது என்று ஒரு சான்றும் கேட்கப்பட்டன. கம்பெனிக்காரன் இரண்டையும் ஒரே நாளில், ஒரே முத்திரையில் கொடுத்தான். குழுவுக்குப் பரம திருப்தி.

இதற்கிடையில் பயனாளியின் விண்ணப்பமும் வேண்டும் என்று பிரிவு எழுத்தர் சொன்னார். பயனாளி என்றால் பூட்டு அண்ணன். நான்கு பக்கம், மூன்று நகல். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பாதிக்கப்பட்ட விரலின் ரேகை வைக்க வேண்டும்.

"சார், அந்த விரலை அழுத்த முடியலைன்னுதானே விண்ணப்பமே" என்றாள் மேடம்.

"முடியலைங்கறதுக்கு அத்தாட்சி வேணாமா? அதை அந்த விரலே வந்து சொல்லட்டும்."

"இன்னொரு கை விரலை வைக்கலாமே?"

"அந்த விரல் நல்லாத்தானே இருக்கு. நல்லா இருக்கிற விரல் எதுக்கு விண்ணப்பிக்குது?"

பூட்டு அண்ணன் நீல மைப் பெட்டியில் விரலை வைத்தார். காகிதத்தில் கத்தரிக்காய் நசுங்கியது போல ஒரு கறை விழுந்தது. எழுத்தர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"தெளிவா இல்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை வாங்க."

அடுத்த செவ்வாய்க்கிழமையும் தெளிவாக இல்லை. அதற்கடுத்ததும் இல்லை. எழுத்தர் நல்லவர், பொறுமைசாலி. அண்ணனின் விரலைத் தானே பிடித்து, "அழுத்துங்க... உருட்டுங்க... இப்ப மெதுவாத் தூக்குங்க..." என்று பன்னிரண்டு தடவை செய்யவைப்பார். பன்னிரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த செவ்வாய்க்கு வரச் சொல்வார்.

குழுவும் சும்மா இருக்கவில்லை. அங்கீகாரம் இல்லாத கருவியை நோயாளி தொடக் கூடாது என்பதால், உறுப்பினர்களே தங்களைச் சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார்கள். பதினைந்து நாள் இயக்குநர், பதினைந்து நாள் டாக்டர், பதினைந்து நாள் ஸ்டோர் அதிகாரி. பிறகு ஒரு அறிக்கை வந்தது. "உறுப்பினர்களின் கட்டைவிரல்கள் சோதனைக்கு முன்பு எவ்வாறு இருந்தனவோ, பின்பும் அவ்வாறே உள்ளன. முன்னேற்றம் ஏதும் காணப்படவில்லை."

தெரபி மேடம் அறிக்கையை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்கு ஓடினாள்.

"சார், உங்க விரல் முன்னாடியே நல்லாத்தானே இருந்துது? அப்புறம் எப்படி முன்னேற்றம் தெரியும்?"

இயக்குநர் யோசித்தார். "நியாயமான கேள்வி. சோதனைக் காலத்தை நீட்டிக்கிறோம். நான் ஏழாவது கட்டத்துல நிக்கிறேன் மேடம். எல்லாம் பொதுநலன் கருதித்தான்."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அண்ணன் மூன்றாவது குழியில் கிடக்கிறார், இவர் ஏழாவது கட்டத்தில் நிற்கிறார். அவரவர் நிலைமை அவரவருக்கு.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். பதினெட்டாவது செவ்வாயன்று எழுத்தர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். நாலு பக்கம், மூன்று நகல், பன்னிரண்டு ரேகைகள். கோடு கோடாக, சுழி சுழியாக, அச்சடித்த மாதிரி விழுந்திருந்தன. வாசலில் நின்றிருந்த தெரபி மேடத்துக்கு அப்போதுதான் உறைத்தது. அழுத்து, உருட்டு, தூக்கு. தான் பந்து கொடுத்துச் செய்யச் சொன்ன அதே பயிற்சி. பந்தை வீசிய மனிதர் காகிதத்தை வீசவில்லை. அரசாங்கக் காகிதத்தை வீச யாருக்கும் தைரியம் வராது.

அவள் சந்தோஷப்பட்டாள். சந்தோஷத்தின் நடுவே ஒரு பயமும் வந்தது. விரலில் பாதிதான் வந்திருக்கிறது. ரேகை வைக்கும் விரல் வேறு, நாளெல்லாம் சாவி அறுக்கும் விரல் வேறு. வார்டில் இன்னும் இருபத்தேழு விறைத்த விரல்கள் இருக்கின்றன. இது ஃபைலுக்குத் தெரியுமா?

இறுதிக் கூட்டத்துக்கு அண்ணனும் அழைக்கப்பட்டார். எல்லாம் கூடிவந்த நேரத்தில், கன்ட்ரோலரை வைத்திருந்த இரும்பு அலமாரி திறக்கவில்லை. ஸ்டோர் அதிகாரி சாவியை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். டாக்டர் அலமாரியைத் தட்டினார். இயக்குநர் ஏழாவது கட்டத்தை நினைத்து வேர்த்துப்போனார்.

"யாராவது பூட்டுக்காரனைக் கூப்பிடுங்க" என்றார்.

தெரபி மேடம் பூட்டு அண்ணனைப் பார்த்தாள். கண்ணால் வேண்டாம் என்றாள். தலையை லேசாக ஆட்டினாள். வாயசைத்துக்கூடப் பார்த்தாள். ஆனால் எதிரே ஒரு பூட்டு திறக்காமல் இருக்கும்போது பூட்டுக்காரன் கண்ணுக்கு வேறு எதுவும் தெரியுமா? அண்ணன் எழுந்து போனார். சாவியை வாங்கித் துளைக்குள் விட்டார், அரை அங்குலம் பின்னால் இழுத்தார், கட்டைவிரலை மேலே வைத்து மெதுவாகத் திருப்பினார்.

டக்.

எட்டு மாதத்தில் அவர் திறந்த முதல் பூட்டு அது. அவர் தன் விரலைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். "டாக்டரம்மா!" என்று கத்தியபடி குழந்தை மாதிரி அழுதுவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். தெரபி மேடமும் கைதட்டினாள், வேறு என்ன செய்வாள்?

கைதட்டல் ஓய்ந்ததும் ஸ்டோர் அதிகாரி பேனாவைத் திறந்தார். "பயனாளி குழுவின் முன்னிலையில் பூட்டைத் திறந்தார். ரேகைகளும் தெளிவாக உள்ளன. எனவே கருவி தேவையில்லை. வாங்கத் தகுந்ததன்று."

"இன்னும் இருபத்தேழு பேர் இருக்காங்க சார்!" என்றாள் அவள்.

"இருக்கட்டும் மேடம். இவரு எதனால குணமானாரு? கருவியாலயா? கருவியை இவரு தொடவே இல்லையே. விண்ணப்பத்தால குணமானாரு. மத்தவங்களும் விண்ணப்பிக்கட்டும்."

இதில் தவறு கண்டுபிடிக்க அவள் முயன்றாள். அவர் சொன்னதற்கு ஆதாரம் இருந்தது, சாட்சி இருந்தது, பன்னிரண்டு ரேகை இருந்தது. அவளிடம் இருந்தது ஒரு நெல்மணிதான்.

வெளியே வரும்போது அண்ணன் கேட்டார். "அப்ப அந்த கேம் ரிமோட்டு வராதா டாக்டரம்மா?"

"வராதுண்ணே."

"விரல் வந்துடுச்சு, சந்தோஷம்தான். ஆனா ஒவ்வொரு செவ்வாயும் மையில அமுக்கும்போது அந்த மூணாவது குழியைத்தான் மனசுல வச்சுக்கிட்டு அமுக்கினேன்." அவர் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார். "உள்ளே இருக்கிற அய்யாங்க யாராச்சும் அதைத் தாண்டினாங்களா?"

"எல்லாரும் தாண்டிட்டாங்கண்ணே."

மறு வாரம் சுற்றறிக்கை வந்தது. கோப்புவழி விரல் சிகிச்சை என்று அதற்குப் பெயர். விரல் விறைத்த அனைவரும் மேற்படி கருவி வேண்டி விண்ணப்பிக்க வேண்டும். பக்கங்கள் நான்கிலிருந்து பன்னிரண்டாக உயர்த்தப்படுகின்றன. கருவி வந்துவிட்டால் விண்ணப்பம் நின்றுபோய்ச் சிகிச்சை தடைபடும் என்பதால், எக்காரணம் கொண்டும் கருவி வாங்கப்படாது. இந்தக் கடைசி விவரம் நோயாளிகளுக்குத் தெரிவிக்கப்படலாகாது. குழுவின் சோதனை மட்டும் தொடரும். பொறுப்பு அதிகாரி: தெரபி மேடம்.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் கூடம் நிறைந்துவிடுகிறது. இருபத்தேழு நீலக் கட்டைவிரல்கள். தெரபி மேடத்துக்குத் தனி மேசை, தனி மைப் பெட்டி. கடைக்குப் போகும் வழியில் பூட்டு அண்ணன் எட்டிப் பார்த்து வணக்கம் சொல்வார், டிவியை ஒரு பார்வை பார்ப்பார், போய்விடுவார்.

போன வாரம் ஒரு லாரி டிரைவர் தன் காகிதத்தை நீட்டினார். ஏழாவது வாரம்தான். ரேகை காசில் பொறித்த மாதிரி விழுந்திருந்தது. அவளுக்கு மனசு துள்ளியது. உடனே கணக்குப் போட்டாள். தெளிவு என்று எழுதினால் இன்றோடு அனுப்பிவிடுவார்கள். இவர் கியர் பிடிக்க இன்னும் எட்டு வாரமாவது வேண்டும்.

அவள் கண்ணாடியை இறக்கி, காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"தெளிவா இல்லையேண்ணே. அடுத்த செவ்வாய்க்கிழமை வாங்க."

"எந்த ஆபீஸுக்குப் போனாலும் இதையே சொல்றாங்கம்மா. அலைய விட்டே கொல்றாங்க."

"எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்" என்றாள் அவள்.

அது பொய்யில்லை. அதனால்தான் சொல்லி முடித்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் பிரிவு எழுத்தர் தன் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். முப்பது வருஷமாகத் தன்னை யாரும் புரிந்துகொள்ளவில்லை என்ற ஏக்கம் தீர்ந்த மனிதரைப் போல, மெல்லத் தலையசைத்தார்.