மான் ஆன்ட்டிக்கு ஆள் கிடைத்த கதை

டெக்சஸ் மான்களுக்குப் பயம் என்றால் என்னவென்று கற்றுக்கொடுத்த ஒரே தூத்துக்குடிக்காரி, எங்கள் இர்விங் நகர அபார்ட்மென்ட்டின் மான் ஆன்ட்டிதான். ஓய்வுபெற்ற நர்ஸ். ஊசி போட்டுப் பழகிய கை; துப்பாக்கி பிடித்தாலும் குறி தப்பாது. நிஜப் பெயர் அவருடைய மகனுக்கும் லைசென்ஸ் ஆபீசுக்கும் மட்டும்தான் தெரியும்.

இங்கே லைசென்ஸ் எடுத்தால் மான் வேட்டை சட்டப்படி சரிதான். ஆனால் புது ஆட்கள் வருவதில்லை என்று மாநில அரசே கவலைப்பட்டு, ஆள் சேர்க்க முகாம் நடத்துகிறது; அதைக் கேட்டாலே ஆன்ட்டிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஆள் பிடிக்க புரோகிராமாம், பவர்பாயின்ட்டாம்! ஒரு தட்டு மான் சுக்கா குடுங்கல, ஊரே துப்பாக்கியத் தூக்கிட்டு வரும்!"

கொடுத்தார். பர்த்டே பார்ட்டி, ஜெபக்கூட்டம், பொங்கல் விழா, எங்கே போனாலும் கையில் ஒரு டப்பா. ஊரே வந்தது, தட்டைத் தூக்கிக்கொண்டு.

தப்பித்தவறி வேட்டைக்கு வந்தவர்களையும் ஆன்ட்டியே விரட்டினார். காரில் ஏறுமுன் தலையை முகர்ந்து பார்ப்பார். "தேங்காண்ணெய்யா? எறங்குல! காட்டுல உள்ள மான் பூரா ஓடிரும்." அந்தப் பரீட்சையில் பாஸான ஒரு புராஜெக்ட் மேனேஜர், மான் கண்ணெதிரே நிற்கும்போது புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார். அந்த மான் பக்கத்து மாநிலமான ஒக்லஹோமா போய்த்தான் திரும்பிப் பார்த்திருக்கும்.

மூன்று வருஷம் முன்பு ஆன்ட்டிக்கு முழங்காலில் ஆபரேஷன். ஹூஸ்டனிலிருந்து மகன் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டான்: "மம்மி, துணைக்கு ஆள் இருந்தா போங்க. இல்லேன்னா துப்பாக்கிய வித்துடுவேன்."

அந்த வருஷ வேட்டை சீசன் சனிக்கிழமை ஆரம்பம். சுக்கா தின்ற வாயெல்லாம் சாக்குச் சொல்லிற்று. குழந்தைக்கு டென்னிஸ் கிளாஸ், மாமியார் வருகிறார், கிரீன் கார்டு இன்டர்வியூ. ஆபீஸே மூடியிருக்கும் சனிக்கிழமையில் கிரீன் கார்டு இன்டர்வியூவாம்! வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆன்ட்டி காரில் ஏற்றிவைத்திருந்த ஐஸ்பெட்டியை இறக்கி, நொண்டி நொண்டி வீட்டுக்குத் திரும்பத் தூக்கிப்போனார். நான் ஓடிப்போய்ப் பெட்டியை ஒரு பக்கம் பிடித்தேன்.

"நான் வரட்டுமா ஆன்ட்டி?"

"ஏல, நீ முட்டையே திங்க மாட்டியே!"

"திங்கறதுக்கு வரல. உங்களுக்குத் துணைக்கு வரேன்."

என் தலையை இழுத்து முகர்ந்தார். "ஷாம்பு போட்டுத் தலைக்குக் குளிச்சிரு" என்றார்.

விடியற்காலை, காட்டில் மான் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கக் கட்டிய மரக்கூண்டுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். பெரிய கொம்பு மான் ஒன்று வந்தது. ஆன்ட்டி குறி பார்த்தார். என் மூக்குக்கு நல்ல நேரம் அப்போதா வரவேண்டும்? நான் தும்மிய தும்மலில் கூண்டே ஆடியது. மான் போயே போய்விட்டது.

"ஸாரி ஆன்ட்டி!" என்று வசவுக்குத் தயாராகக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், ஆன்ட்டி துப்பாக்கியை ஓரமாக வைத்துவிட்டு மகனுக்கு போன் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏல, துப்பாக்கிய விக்காத. ஆள் கெடச்சாச்சு. தும்முதான், பரவால்ல. வந்துட்டாம்லா."

இன்றுவரை மான் கறியில் ஒரு துண்டு நான் தின்றதில்லை. ஒரு சீசனையும் விட்டதில்லை. ஆன்ட்டியோடு அந்தக் கூண்டில் சும்மா உட்கார்ந்திருப்பது எனக்கு அவ்வளவு பிடிக்கும்.