செங்கல்லுக்குத் தாகம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெரு வழியாகச் செங்கற்கள் ஊர்வலம் போகும். ஒவ்வொன்றும் ஈரத்துண்டில் சுற்றப்பட்டு யாராவது ஒருவர் தோளில் சாய்ந்திருக்கும். பிறந்த குழந்தையைக்கூட இவ்வளவு பத்திரமாகத் தூக்கி நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் செங்கல்லைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுக்கிறவர்கள் உண்டு. கர்ப்பிணியைப் பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்க்கிற அதே ஆட்கள்தான்.

எல்லோரும் போகிற இடம் டயர் கடை மாடியில் இருக்கும் ஹால். அங்கே எடைசாமி இருந்தார். உண்மைப் பெயர் யாருக்கும் தெரியாது. கடன் கொடுக்கிற பேங்க் நம் தாத்தா பேர்வரை விசாரிக்கிறது. காசு வாங்குகிற சாமியிடம் நாம் அவர் பேரைக்கூடக் கேட்பதில்லை.

அவருடைய தத்துவம் சுலபமானது. வாடகை வீட்டில் இருப்பவர் ஒரு செங்கல் வாங்க வேண்டும், அவரிடமே. அது வரப்போகும் சொந்த வீட்டின் உயிர்க்கல். அதற்குத் தாகம் எடுக்கும். தினமும் அருள்நீர் ஊற்ற வேண்டும், அதுவும் அவரிடமே கிடைக்கும். முதல் வாரம் ஒரு மூடி, அடுத்த வாரம் இரண்டு, அதற்கடுத்த வாரம் நான்கு. கண் பட்டுவிடாமல் ஈரத்துண்டு சுற்ற வேண்டும். வாரா வாரம் கொண்டுவந்து அவருடைய எலக்ட்ரானிக் தராசில் வைக்க வேண்டும். எடை ஏறியிருந்தால் வீடு நெருங்கி வருகிறது என்று அர்த்தம்.

ஏறாத கல் ஒன்றுகூட இல்லை. அதுதான் அவர் மகிமை.

என் அக்காவும் ஒரு கல் வைத்திருந்தாள். ஆயத்த ஆடை கம்பெனியில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கிறாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு பேரும் ஏழு வருடமாக வயிற்றைக் கட்டிச் சேர்த்தது, ஒரு இரண்டு அறை வீட்டுக்கான முன்பணம். விலையில் ஐந்தில் ஒரு பங்கை நீங்கள் போட்டால் மீதியைக் கடனாகத் தருகிறோம் என்கிறது பேங்க். இவர்கள் ஒரு படி ஏறினால் வீட்டு விலை இரண்டு படி ஏறியது. இந்த முறை மாட்டிய வீட்டுக்குக் கொஞ்சம்தான் குறைந்தது. விற்கிறவர் மாதக் கடைசிவரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் நான் போனபோது அக்கா பணத்தைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். பேங்க்கில் இருந்ததை எடுத்து வந்துவிட்டாள்.

"வீடு விக்கிறவருக்கா?"

"சாமிக்கு. நம்ம கல்லு நிறைஞ்சிடுச்சாம். இனி எடை ஏறாதாம். சேத்த பணத்த சாமிகிட்ட இருக்கிற பெரிய தாய்க்கல்லு அடியில ரெண்டு வாரம் வெச்சா, குறையிறத அது இழுத்துக் குடுக்கும்."

"எங்கேருந்து இழுக்கும்?"

"அதெல்லாம் கேக்கக் கூடாதுடி."

"மாமா, நீங்க என்ன சொல்றீங்க?"

மாமா தரையைப் பார்த்தார். "எடை ஏறுதேம்மா. தராசு பொய் சொல்லுமா?"

"தராசு சொல்லல. பக்கத்துல உக்காந்திருக்கிறவர் சொல்றார்."

அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நீ பேங்க்குக்கு வந்திருக்கியா? ஒன்றரை மணி நேரம் நிக்க வெச்சாங்க. ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பதில் சொல்லாம அடுத்த டோக்கனக் கூப்பிட்டாங்க. இவரு 'உக்காரும்மா'ன்னாரு. குடிக்கத் தண்ணி குடுத்தாரு."

"கல்லுக்கும் குடுத்தாரு. விலைக்கு."

"உன் படிப்ப என்கிட்ட காட்டாத."

"உன் காசுல படிச்சதுதான்க்கா. வேற யார்கிட்ட காட்டறது?"

நான் படித்தது கட்டடப் பொறியியல். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இரண்டாம் வருடம் ஒரு பரிசோதனை உண்டு. காய்ந்த செங்கல்லை எடை போடு. தண்ணீரில் போடு. எடுத்துத் துடைத்து மறுபடி எடை போடு. வகுப்பில் தூங்குகிறவர்கள்கூட முழு மார்க் வாங்கும் பரிசோதனை. அதை அக்காவுக்கு விளக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அது வெறும் செங்கல்லு" என்றாள்.

சரி, சாமியின் செங்கல்லிலேயே பார்த்துவிடலாம் என்று மறுநாள் நானும் கூடப் போனேன்.

ஹாலில் நிற்க இடமில்லை. அக்கா தன் கல்லைத் தராசில் வைத்தாள். வாங்கிய அன்று சரியாக மூன்று கிலோ. இப்போது கிட்டத்தட்ட மூன்றரை. "பூரணம்" என்றார் எடைசாமி. உதவியாளர் பணப்பையைத் தாய்க்கல்லின் அடியில் வைத்துப் பட்டுத்துணியால் மூடினார். நான் முன்னால் போய் நின்றேன்.

"எனக்கும் ஒரு கல் வேணும் சாமி. இன்னொருத்தர் பேருக்கு."

"பேரு?"

"பிரின்ஸ்."

"என்ன வேலை?"

"காவல் வேலை."

"சொந்த வீடு இல்லியா?"

"சின்னதா ஒண்ணு இருக்கு. தலைய நீட்டினா கால் வெளிய வரும்."

கூட்டம் உச்சுக் கொட்டியது. எடைசாமி கண்ணை மூடித் திறந்தார். "நல்ல ஆத்மா. பெரிய வீடு வரும்." அடுக்கிலிருந்து ஒரு கல்லை எடுத்துத் தராசில் வைத்தார். மூன்று கிலோ. நான் காசைக் கொடுத்தேன். பாத்ரூம் வாசலில் தரை துடைக்கிற வாளி இருந்தது. குழாயைத் திறந்து நிரப்பி, ஹாலுக்கு நடுவில் கொண்டுவந்து வைத்து, கல்லை உள்ளே போட்டேன்.

கல் சரமாரியாகக் குமிழி விட்டது. காய்ந்த செங்கல்லுக்குள் தண்ணீர் நுழைந்தால் உள்ளே இருக்கும் காற்று வெளியே வரத்தான் செய்யும். கூட்டம் "ஐயோ" என்று பின்வாங்கியது. எடைசாமி இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் ஹாலில் நடக்கிற எல்லாமே தன்னால்தான் நடக்கிறது என்று சொல்லிப் பழகிய வாய் அது.

"பாருங்க, தோஷம் வெளியேறுது" என்றார்.

"வெளியேறட்டும் சாமி. முடிஞ்சதும் எடை போடலாம்."

இனி அவராலும் தடுக்க முடியாது. கூட்டம் வாளியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. கால் மணி நேரம் கழித்துக் குமிழி நின்றது. நான் கல்லை எடுத்து, துடைத்து, தராசில் வைத்தேன். அக்காவின் கல்லை எட்டிப் பிடித்துவிட்டது. பத்து இருபது கிராம்தான் பாக்கி.

"பாத்தீங்களா, அந்தப் பிரின்ஸ் எவ்வளவு பக்திமான்" என்றார் எடைசாமி.

"அது எங்க ஹவுஸ் ஓனர் நாய் சாமி."

நான் தராசிலிருந்து கல்லை எடுத்துக் கூட்டத்துக்குக் காட்டினேன்.

"ஒரு மாசம் எங்கக்கா வேண்டிக்கிட்டு ஊத்தினதும், தரை துடைக்கிற வாளித் தண்ணி கால் மணி நேரம் செஞ்சதும் ஒண்ணுதான். செங்கல் தண்ணி குடிக்கும். உங்களத் தெரியாத செங்கலும் குடிக்கும்."

நர்ஸ் ஒருத்தி மடியிலிருந்த தன் கல்லைப் பிரித்துப் பார்த்தாள். "அப்ப நான் இத பக்கத்துல படுக்க வெச்சுத் தூங்கினது?" ஒரு பஸ் டிரைவர் அருள்நீர்க் காசைத் திருப்பிக் கேட்டார். பின்வரிசைப் பெரியவர் ஒருவர் மட்டும் நம்பிக்கையை விடவில்லை. "நாய்க்கும் பெரிய வீடு வேணும்தானேம்மா" என்றார்.

எடைசாமி குரலை உயர்த்தினார். "நாத்திகக் கை பட்டா கல்லு கோவத்துல வீங்கும்."

அக்கா அதுவரை வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்துபோய்ப் பட்டுத்துணியை விலக்கிப் பையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"சாமி, உங்க வீடு எங்க இருக்கு? சொந்த வீடா?"

பதில் படிக்கட்டுப் பக்கமிருந்து வந்தது. கூச்சல் கேட்டு மேலே ஏறி வந்த டயர் கடைக்காரர், "சொந்த வீடா? இந்த ஹாலுக்கே ரெண்டு மாச வாடகை பாக்கி" என்றார்.

கூட்டம் தராசைச் சூழ்ந்தபோது எடைசாமி பாத்ரூம் ஜன்னல் வழியாகக் குழாயைப் பிடித்து இறங்கிப் போய்விட்டிருந்தார். அருள்நீர்க் காசும் அவரோடு போனது.

திங்கட்கிழமை அக்கா பணத்தைத் திரும்பக் கணக்கில் போட பேங்க்குக்குப் போனாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவளே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அன்றைக்குக் கேட்ட கேள்வியை மறுபடி கேட்டாள்: பத்திரச் செலவும் கட்டணமும் அந்த ஐந்தில் ஒரு பங்குக்குள் அடக்கமா, வெளியிலா? பதில் வரும்வரை எழுந்திருக்கவில்லை. வெளியில்தானாம். பற்றாக்குறை இன்னும் பெருத்தது. மாதக் கடைசியில் அந்த வீடு வேறு யாருக்கோ போனது. முன்பணம் மட்டும் அக்காவிடம் இருக்கிறது. மறுபடி சேர்க்கிறார்கள்.

அவளுடைய உயிர்க்கல் இப்போது காய்ந்து, பழைய மூன்று கிலோவுக்கு வந்து, காற்றில் அடிக்கும் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது. எடைசாமி வேறொரு ஊரில் ஜன்னல் கம்பிக்குத் துரு ஏற்றி எடை கூட்டிக் காட்டுவதாகக் கேள்வி. அங்கேயும் நல்ல கூட்டமாம்.

செங்கல்கூட நிறைந்துவிட்டால் குடிப்பதை நிறுத்திவிடுகிறது. யார் எதை ஊற்றினாலும் குடித்துக்கொண்டே இருக்கிற நாம், எப்போது நிறுத்தி யோசிக்கப் போகிறோம்?