கை நனைத்த கம்பெனி

உ

புளியங்கொட்டாய்,
காரிமங்கலம் வழி.
செவ்வாய்க்கிழமை, காலை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் சந்திரமோகன் அவர்களின் சமூகத்திற்கு, தங்கை வீட்டுக்காரன் மாதவராஜ் கும்பிட்டு எழுதிக்கொள்வது.

இங்கே நான், தங்கள் தங்கை பானுமதி, தங்கள் மருமகள் மலர்விழி, சினையாக இருக்கும் கறவை மாடு ஆகிய நான்கு பேரும் சௌக்கியம். ஓசூரில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும், தங்கள் முழங்கால் உட்பட, சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இங்கே மழை தினமும் மலை வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் பானுமதி, “ஸ்பீக்கர்ல போடுங்க, எங்கண்ணன்தானே” என்பாள். அங்கே அக்காவும் ஸ்பீக்கரில் போடுவார்கள். பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொள்வார்கள், நாம் இருவரும் கேட்டுக்கொண்டிருப்போம். இது நமக்குள்ளேயே இருக்க வேண்டிய விஷயம். முப்பத்தோரு வருடம் அரசு பஸ் ஓட்டியவன் டிரிப் ஷீட்டைத் தவிர வேறெதுவும் எழுதியதில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

விஷயம் என்னவென்றால், மலர்விழி பைலட் படிப்பு முடித்து லைசென்ஸ் வாங்கியது தாங்கள் அறிந்ததே. இப்போது இரண்டு விமானக் கம்பெனிகள் அவளை வேலைக்குக் கூப்பிட்டிருக்கின்றன. இரண்டும் சின்னச் சின்ன ஊர்களுக்குப் போகிற கம்பெனிகள், நம் பாஷையில் சொன்னால் டவுன் பஸ். இரண்டுக்கும் இங்கிலீஷில் பெயர் இருக்கிறது, என் வாயில் நுழையவில்லை, அதனால் சேலம் கம்பெனி, கவுகாத்தி கம்பெனி என்றே எழுதுகிறேன். சேலம் கம்பெனிக்கு எழுபது பேர் உட்காரும் காத்தாடி வைத்த விமானம், கொச்சி, சேலம், பெங்களூர் என்று ஓடுகிறது. கவுகாத்தி கம்பெனிக்குப் பத்தொன்பது சீட்டு விமானம், அஸ்ஸாமுக்கும் அப்பால் மலை மலையாக இறங்கி ஏறுகிறது. சேலம் கம்பெனியில் அவளுக்கு முன்னால் வரிசை நீளம், கேப்டன் ஆக எட்டு வருடம் பிடிக்குமாம். கவுகாத்தியில் நான்கே வருடத்தில் ஆகிவிடலாமாம், மலையில் ஓட்டினால் கை நன்றாகப் பழகும் என்றும் சொல்கிறாள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவள் மனசு கவுகாத்தி. என் மனசு சேலம். தங்கள் தங்கையின் மனசு எது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை, கேட்கப் பயமாகவும் இருக்கிறது.

ஏன் சேலம் என்றால், ரிட்டயர் ஆன பிறகும் எனக்குக் காலை பதினொன்றே கால் மணிக்கு ஒரு டூட்டி இருக்கிறது. மாடியில் காயப்போட்ட கேழ்வரகுக்குக் காவல் என்று சொல்லிக்கொண்டு கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து படுத்துவிடுவேன். தெற்கே தொப்பூர்ப் பக்கமிருந்து முதலில் சத்தம்தான் வரும், மாவு மில் ஓடுகிற மாதிரி. அப்புறம் மெதுவாக, நம் தென்னை மரங்களுக்கு மேற்குப் பக்கமாக, அந்தச் சேலம் கம்பெனி விமானம் வெள்ளையாக ஏறிக்கொண்டே போகும். நான் அதில் மலரை உட்கார வைத்துப் பார்ப்பேன். புது பைலட்டுக்கு வலது பக்க சீட்டு. சேலத்தில் கிளம்பி வடக்கே போனால் வலது பக்கம் கிழக்கு, நம் வீடும் கிழக்கு. ஆக, அவள் தலையைக் கொஞ்சம் திருப்பினால் போதும், கிணறு, மாடு, மாடி, மாடியில் நான். திரும்பி வரும்போது வீடு கேப்டன் பக்கம் போய்விடும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே கண் சொக்கிவிடும். கனவில் அந்த விமானம் நம் தெரு வேகத்தடைக்கு முன்னால் மெதுவாகும். மலர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, திரும்புகிறேன் என்று சிக்னல் காட்டுவாள். பானுமதி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து டிபன் பாக்ஸை மேலே நீட்டுவாள். உள்ளேயிருந்து யாரோ விசில் அடிப்பார்கள், விமானம் தென்னை ஓலையை உரசிக்கொண்டு மேகத்துக்குள் போய்விடும், எனக்கு நெஞ்சு நிறைந்து போகும். விழித்துப் பார்த்தால் கேழ்வரகில் கால்வாசியை மைனா தின்றிருக்கும்.

சிரிக்காதீர்கள் மச்சான். பாலக்கோடு ரூட் ஓட்டிய காலத்தில் நம் வீட்டைத் தாண்டும்போது இரண்டு தடவை ஹாரன் அடிப்பேன். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் மலர் எங்கே இருந்தாலும் ரோட்டோரத்துக்கு ஓடி வந்துவிடுவாள், ஒருநாள் ஒற்றைச் செருப்போடு, ஒருநாள் தலையில் சோப்பு நுரையோடு. ஒரு நாளைக்கு எட்டு நடை, எட்டு தடவை என் பிள்ளையைப் பார்த்தேன். சென்னை ரூட்டுக்குக் கூப்பிட்டார்கள், மாட்டேன் என்றுவிட்டேன். அதைத் தியாகம் என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன், அது வெறும் ஆசை. இந்த வயதில் அந்த ஆசை திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. அவளைப் பார்க்காமல் இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

இருந்தாலும் என் ஆசைக்காகப் பெண்ணைத் தெரியாத இடத்தில் தள்ளிவிடக் கூடாது அல்லவா? முறைப்படி வீடு பார்த்துவிட்டு வருவோம் என்று போன வியாழக்கிழமை கிளம்பினேன். துணைக்குப் பங்காளி குப்புராஜ் அண்ணன். ஐம்பத்திரண்டு சம்பந்தம் பேசி முடித்தவர், மாப்பிள்ளை வீட்டு மாட்டுக்கொட்டகையைப் பார்த்தே மாமியார் குணத்தைச் சொல்லிவிடுவார். பானுமதியும் வருகிறேன் என்று புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாது என்று அண்ணன் சொல்லிவிட்டார். “அப்ப நீங்க வூட்டுல இருங்க, நானும் அவரும் போறோம்” என்று அவள் சொன்னதில் நியாயம் இருந்தது, ஆனால் அதற்குள் பஸ் வந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்குத் தட்டில் சோறு விழுகிற சத்தமே வேறு மாதிரி இருக்கிறது.

விமான நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு டீக்கடை. அக்கம்பக்கத்தில் விசாரிப்பதுதானே முதல் வேலை? அண்ணன் டீ மாஸ்டரிடம் ஆரம்பித்தார்.

“ஏங்க, இந்தக் கம்பெனிக்காரங்க எப்படிங்க, நல்ல மாதிரிங்களா?”

“காலையில வருவாங்க, போவாங்க. வரப்போ சத்தம் ஜாஸ்தி. நமக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லீங்க. ஏன், பொண்ணு குடுக்கப் போறீங்களா?”

“ஆமாங்க” என்றார் அண்ணன், கண்ணைக்கூட இமைக்கவில்லை. “கூடப் பொறந்தவங்க எத்தன பேருங்க?”

“எனக்குத் தெரிஞ்சு மூணு பிளேனுங்க.”

“பாகம் பிரியாத குடும்பம்” என்று அண்ணன் என் காதில் சொன்னார்.

வாசலில் துப்பாக்கி வைத்திருந்தவர் டிக்கெட் இல்லாமல் உள்ளே விட மாட்டேன் என்றார். பெண் வீட்டுக்காரர்கள் என்று சொல்லிப் பார்த்தோம். அவருக்குத் தமிழ் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் இரண்டு பேருக்கும் பெங்களூருக்கு டிக்கெட் எடுத்து ஏறிவிட்டோம். எனக்கு இடது பக்க ஜன்னல், அண்ணனுக்கு வலது பக்க ஜன்னல். ஏறும்போதே அண்ணனிடம் இரண்டு விஷயம் சொல்லியிருந்தேன். ஒன்று, பதினோராவது நிமிடத்தில் கீழே நம் வீடு வரும், பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு, எதுவும் வாயில் வைக்கக் கூடாது. சம்பந்தம் முடிவாகும் வரை அந்த இடத்தில் கை நனைக்கக் கூடாது, நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம் என்பதைத் தங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. அன்றைக்குத் தங்கள் வீட்டில் நான் ஒரு வாய் கேசரி தின்றதால்தான் இன்றைக்கு இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

விமானத்துப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். “வேணாம்மா, இன்னும் முடிவாகல” என்றேன். “உடம்பு சரியில்லீங்களா சார்?” என்றாள். “உடம்பு நல்லாத்தான் இருக்கு, பேச்சுதான் முடியல” என்றேன். அவள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். என் பக்கத்தில் மேட்டூர் அணை, யாரோ தரையில் கண்ணாடியைச் சாய்த்து வைத்துவிட்டுப் போன மாதிரி மினுங்கிக்கொண்டு கிடந்தது. அந்த அழகில் வாய்பிளந்து ஐந்து நிமிடத்தைத் தொலைத்துவிட்டேன். கடிகாரத்தைப் பார்த்துப் பதறி, “அண்ணே, நம்ம வூடு தெரியுதா?” என்றேன். எட்டிப் பார்த்தால் அண்ணன் மடியில் ஒரு அட்டைப் பெட்டி திறந்திருக்கிறது, வாய் நிறைய இருக்கிறது.

“அண்ணே, கை நனைச்சிட்டீங்களே!”

“ரொட்டிதானே மாதவா. நடுவுல என்னமோ பச்சையா தடவியிருக்கான். இது நனையிற அயிட்டமே இல்ல.”

அதற்குள் கீழே வெறும் மேகம். வீடு தாண்டிவிட்டது, இரண்டு பேரும் பார்க்கவில்லை. வெளியே கோபித்துக்கொண்டேனே தவிர உள்ளுக்குள் எனக்கு ஒரே சந்தோஷம். ஐம்பத்திரண்டு சம்பந்தம் முடித்த கை நனைந்துவிட்டது, இனி யார் மறுக்க முடியும்? இறங்கும்போது விமானத்து வாசலில் துணை பைலட் நின்றுகொண்டிருந்தாள், மலர் வயதுதான் இருக்கும். “காரிமங்கலம் தாண்டறப்ப கீழ எட்டிப் பாப்பியாம்மா?” என்று கேட்டேன். “அப்ப ஏறிக்கிட்டே இருப்போம் அங்கிள், கண்ணு மீட்டர் மேலதான் இருக்கும். எட்டிப் பாத்தா கேப்டன் திட்டுவாரு” என்றாள். அது அந்தப் பெண்ணின் பழக்கம், மலர் பார்ப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, “மலரு, முடிஞ்சதும்மா! சேலம் கம்பெனியில பெரியப்பா கை நனைச்சிட்டாரு” என்றேன். மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த பானுமதி நிமிர்ந்தாள். “அப்ப கவுகாத்திக்காரங்க நம்ம வூட்டுல நனைச்சது?” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன மாதம் மலரோடு ஒகேனக்கல் பார்க்க நிர்மலா என்று ஒரு பெங்களூர்ப் பெண் வந்திருந்தாள். பரிசலில் சுற்றிவிட்டு வந்து நம் வீட்டில் களியும் மீன் குழம்பும் சாப்பிட்டாள். “ஊட்டா தும்ப சென்னாகிதே அப்பாஜி” என்றாள், சாப்பாடு ரொம்ப நன்றாக இருக்கிறதாம். கூடப் படித்த பெண்ணாக்கும் என்று நான் பூரித்துப்போய் மூன்றாவது உருண்டையை என் கையாலேயே வைத்தேன். அவள் கவுகாத்தி கம்பெனியில் கேப்டனாம். மலரை எடுக்கலாமா வேண்டாமா என்று நேரில் பார்த்துப் பழகிப் போக வந்தவளாம். மச்சான், என் வீட்டுக்கே வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், பெண்ணைப் பெற்றவனுக்குத் தெரியாது! குப்புராஜ் அண்ணனாவது என் பக்கம் பேசுவார் என்று பார்த்தால், “வந்தவங்க பொண்ணு வூட்டுல நனைச்சதுதான் பெருசு மாதவா. அதுவும் களி. ரொட்டியெல்லாம் அதுக்கு முன்னால நிக்காது” என்று தீர்ப்பு சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

இனி தாங்கள்தான் கதி. தாய்மாமன் சொல்லை மலர் தட்ட மாட்டாள். தாங்கள் ராணுவத்தில் ஒன்பது வருடம் அஸ்ஸாமில் இருந்தவர். அந்த ஊர் மூடுபனியைப் பற்றி, மழையைப் பற்றி, மலையைப் பற்றி அவளுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லவும். பொய் வேண்டாம். உண்மையையே கொஞ்சம் சத்தமாகச் சொன்னால் போதும். அட்டைப்பூச்சியையும் சேர்த்துக்கொள்ளவும். விமானத்துக்குள் அட்டை ஏறுமா என்று கேட்டால், ஏறும் என்று சொல்லிவிடவும். வியாழக்கிழமைக்குள் சொல்லிவிட்டால் என் பிள்ளை என் தலைக்கு மேலேயே இருப்பாள்.

அக்காவுக்கு என் கும்பிடு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, நல்ல ரூட் கிடைத்து, பெற்றவர்கள் கண்ணுக்கு எட்டுகிற தூரத்திலேயே நூறு வயது வாழ என் ஆசீர்வாதம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் ஒரு சொல்லுக்காக மாடியில் காத்திருக்கும்,
மாதவராஜ்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பதினொன்றே கால் டூட்டிக்கு மேலே போனேன். பின்னாலேயே மலர் ஏறி வந்து கட்டிலில் என் கால்மாட்டில் உட்கார்ந்தாள். “நான் சேலத்துக்கே போறேன்ப்பா. மெயில் டைப் பண்ணி வச்சிருக்கேன், நீங்க சொன்னதும் அனுப்பிடறேன்” என்றாள். அந்த நேரம் பார்த்து விமானம் வந்தது. நான் அண்ணாந்து பார்த்தேன். அவள் பார்க்கவே இல்லை மச்சான். நான் சந்தோஷமாக இருக்கிறேனா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே ஒருத்தன் கட்டிலில் படுத்திருக்கிறான் என்பதற்காக எட்டு வருடம் இவள் இந்த மரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருப்பதா? “அத அழிச்சிட்டுக் கவுகாத்திக்கு டைப் பண்ணும்மா” என்றேன். “நெசமாவாப்பா?” என்று மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவைதான் என்னால் ஆமாம் என்று சொல்ல முடிந்தது. அனுப்பிவிட்டாள். கீழே போய்ச் சொன்னதும் பானுமதி, “இதத்தான் நானும் நெனச்சேன், யாரு கேட்டீங்க?” என்றாள்.

ஆகையால் மேலே எழுதியது எதையும் தாங்கள் படித்ததாக வைத்துக்கொள்ள வேண்டாம். கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன், இவ்வளவு எழுதியதற்கு மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாள். ராணுவத்தில் தங்களுக்குக் கொடுத்த பச்சை ஸ்வெட்டர் பூச்சி அரிக்காமல் இருந்தால், இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற பஸ் டிரைவரிடமே கொடுத்தனுப்பவும். அவளுக்குப் பெரிதாகத்தான் இருக்கும், கையை மடித்துவிட்டுக்கொள்வாள். நாளை நான்கரை பஸ்ஸுக்கு நான் காரிமங்கலத்தில் ரோட்டோரமாகவே நிற்கிறேன்.