ராஜா ஒரு ராத்திரி தூங்கிய ஊர்

ஒரே ஒரு ஊரைச் சொல்லியே அடுத்தவர் உயிரை வாங்கிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் என் வீட்டுக் கொல்லையில் ஆறு வருஷம் குடியிருந்தார். முழுப்பெயர் பிரெஞ்சில் தொடங்கித் தமிழில் முடியும். அதைச் சொல்லி முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும் என்பதால் எல்லோருக்கும் அவர் சொல்தாதான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தவர்களைப் பாண்டிச்சேரியில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

எண்பதுகளில் நான் நியூசிலாந்தில் ஆக்லாந்துக்குத் தெற்கே புக்கெகோஹியில் ஒரு வெங்காயக் கிடங்கில் வேலை பார்த்தேன். வெங்காயம் பெல்ட்டில் ஓடும். அழுகலைப் பொறுக்கி எறிய வேண்டும். ஒருநாள் எதிர்ப்பக்கம் புதிதாக ஒருவர். விறைத்த முதுகு, ஒட்ட வெட்டிய நரைத்த மீசை. பசிபிக்கில் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருக்கிற நூமெயாவில் பட்டாளத்தை முடித்துக்கொண்டு இங்கே வந்திருந்தார். நான் தமிழ் என்று தெரிந்ததும் ஒரு வெங்காயத்தை வெளிச்சத்தில் காட்டி உதட்டைப் பிதுக்கினார்.

"மதாம், இதுக்குப் பேரு வெங்காயமா?"

"பின்ன, பூசணிக்காயா?"

"மொந்தர்வால் வெங்காயத்த நீங்க பார்க்கணும். உரிச்சா அழுகை வராது. சிரிப்புதான் வரும்."

மொந்தர்வால் என்றால் என்ன என்று கேட்டேன். அது நான் செய்த முதல் தப்பு. எங்கள் வீட்டுப் பின்னால் ஓர் அறை காலியாக இருக்கிறது என்று சொன்னது இரண்டாவது. எங்களுடையது மனுரேவாவில் ஒரு மர வீடு. கொல்லையில் தனியாக நின்ற ஒற்றை அறையை இங்கே ஸ்லீப்-அவுட் என்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையே ஓர் இரும்புப் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார்.

மொந்தர்வால் பிரான்சின் நடுவில் வயல்களுக்கு மத்தியில் இருக்கிற ஒரு துக்கடா ஊர். ரயில் கிடையாது. அங்கே ஒரு சர்ச் இருக்கிறது, கோபுரம் கோணல். காற்றில் சாய்ந்ததா, தச்சன் குடித்துவிட்டுக் கட்டினானா என்று அந்த ஊரில் இன்னும் சண்டை நடக்கிறதாம். ஒரு கல் பாலம், ஐந்து வளைவு. அதில் ஒன்றை வெள்ளம் கொண்டுபோயிற்று. ஆற்றோரம் துணி துவைக்கக் கூரை போட்ட துறை. வியாழக்கிழமை சந்தை, வாத்தும் பூண்டும் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வீடு. அதன் வாசலில் ஒரு பலகை. அந்தக் காலத்தில் ஒரு ராஜா இந்த வீட்டில் ஒரு ராத்திரி தூங்கினார் என்று அதில் எழுதியிருக்கிறது.

"ஒரு ராத்திரியா?"

"ஒரே ராத்திரி, மதாம்."

"தூங்கினதுக்கா பலகை?"

"ஆமா."

"எங்க வீட்டுக்காரர் தூங்குற தூக்கத்துக்கு ஊருக்கு நடுவுல செலையே வைக்கலாம்."

அவர் சிரிக்கவில்லை. மொந்தர்வால் விஷயத்தில் அவருக்குச் சிரிப்பு வராது.

மழை பெய்தால் மொந்தர்வால் மழை. நான் ரசம் வைத்தால் மொந்தர்வால் பூண்டு. ஒருமுறை என் வீட்டுக்காரர் புல் வெட்டும் மெஷினில் விரலை விட்டுவிட்டார். ரத்தம் ஊற்றுகிறது. சொல்தா ஓடிவந்து கட்டுப் போட்டார், கட்டிக்கொண்டே சர்ச் கோபுரத்தை ஆரம்பித்தார். காரில் பாலம் வந்தது. ஆஸ்பத்திரியில் துவைக்கும் துறை வந்தது. டாக்டர் மரத்துப்போகிற ஊசியை எடுத்தபோது என் வீட்டுக்காரர், "வேணாங்க, எனக்கு ஏற்கெனவே மரத்துப்போச்சு" என்றார்.

வருஷா வருஷம் ஜூலை பதினாலாம் தேதி வேறொரு கூத்து நடக்கும். அது பிரான்சின் தேசியத் திருநாள். பாண்டிச்சேரிச் சொல்தாக்கள் அன்றைக்கு மெடல் குத்திக்கொண்டு ஊர்வலம் போவார்களாம். இங்கே ஊர்வலத்துக்கு ஆளில்லை. இவர் மட்டும் கோட்டுப் போட்டு, மெடல்களைக் குத்தி, எங்கள் கொல்லையில் துணி காயப்போடுகிற சுற்றுக் கம்பியின் உச்சியில் பிரெஞ்சுக் கொடியைக் கட்டுவார். கீழே விறைப்பாக நின்று சல்யூட் அடிப்பார். ஆக்லாந்துக் காற்றைத்தான் தெரியுமே. கம்பி சுற்றும். கொடியும் சுற்றும். கொடியோடு என் உள்பாவாடைகளும் சுற்றும். அத்தனைக்கும் சேர்த்துச் சல்யூட்.

எண்பத்தைந்தாம் வருஷமும் கட்டினார். அதற்கு நாலு நாள் முன்னால்தான் ஆக்லாந்து துறைமுகத்தில் ஒரு கப்பலுக்கு யாரோ குண்டு வைத்து மூழ்கடித்திருந்தார்கள். கப்பலில் இருந்த ஒருவர் செத்துப்போனார். அணுகுண்டுச் சோதனையை எதிர்த்துப் போகிறவர்களின் கப்பல் அது. இந்த ஊரில் அப்படியெல்லாம் நடக்கும் என்று நாங்கள் கனவிலும் நினைத்ததில்லை. இங்கே ஆடு காணாமல் போனாலே பேப்பரில் வரும்.

கொஞ்ச நாளில் செய்தி வந்தது. குண்டு வைத்தது பிரெஞ்சுக்காரர்களாம். வேறு யாரோ வெறியர்கள் இல்லை, அரசாங்கத்தின் ஆட்களே. பசிபிக்கில் அவர்கள் வெடிக்கிற அணுகுண்டைத் தடுக்கத்தான் அந்தக் கப்பல் போக இருந்ததாம். அவர்களில் சிலர் நூமெயாவிலிருந்து படகில் வந்தார்கள் என்று அடுத்த செய்தி வந்தபோது நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நூமெயாவிலிருந்து வந்து, பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு, குண்டு வெடித்த நாலாம் நாள் நாலு தெருவுக்குத் தெரிய பிரெஞ்சுக் கொடி ஏற்றிய ஆள் மனுரேவாவில் ஒருவர்தான். அவர் அப்போது என் அடுப்பில் முட்டை அவித்துக்கொண்டிருந்தார்.

போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள், பிரான்சோடு உங்களுக்கு என்ன தொடர்பு என்று. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் உள்ளே போய் மொந்தர்வால் போஸ்ட்கார்டுகளை ஒட்டிய ஆல்பத்தைக் கொண்டுவந்தார். ஒன்றே முக்கால் மணி நேரம். வெளியே வந்த போலீஸ்காரரின் முகம் வெளுத்திருந்தது.

"எப்பவுமே இப்படித்தானா?" என்று என்னைக் கேட்டார்.

"தினமும்" என்றேன்.

என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். திரும்ப வரவேயில்லை.

தெரு அப்படி விடவில்லை. ஸ்லீப்-அவுட் கதவில் மூன்று முட்டை வந்து உடைந்தது. சொல்தா துணியால் துடைத்துக்கொண்டே, "நல்ல முட்டை மதாம், வீணாக்கிட்டாங்க" என்றார். எதிர்வீட்டுக் கெவின் துறைமுகத்தில் வேலை பார்ப்பவன். நிலைக்கதவு அளவு ஆள். அதுவரை எலுமிச்சம்பழம் கொடுத்து முறுக்கு வாங்கித் தின்றவன், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அந்தக் கொடிக்காரன் இன்னும் உன் வீட்லதான் இருக்கானா?" என்று கேட்டான். அதற்கப்புறம் எலுமிச்சம்பழம் வரவில்லை.

இந்த லட்சணத்தில்தான் சொல்தாவின் முறை வந்தது. அப்போது ஆக்லாந்தில் தமிழர்கள் கொஞ்சம் பேர். மாதம் ஒருமுறை எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூட ஹாலில் கூடுவோம். கூட்டத்துக்கு ஒருவர் தன் ஊரைப் பற்றிப் பேச வேண்டும். செயலாளர் சிவம் காரைநகரைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார். நான் விருதுநகரை ஏழு நிமிஷத்தில் முடித்தேன். செப்டம்பர் கூட்டத்துக்குச் சொல்தா. பாண்டிச்சேரி என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் மொந்தர்வால் என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

சிவம் போனில் அலறினார். "அக்கா, உந்த மனுசனை நிப்பாட்டுங்கோ! சனம் கொதிச்சுப்போய் நிக்குது. இப்ப போய்ப் பிரான்சைப் பற்றிக் கதைச்சா ஹோலுக்கு நெருப்பு வைப்பாங்கள்."

நான் கொல்லைக்குப் போனேன். "அண்ணே, ஒழுங்கா பாண்டிச்சேரியப் பத்திப் பேசுங்க. அதுதான உங்க ஊரு?"

"அது பொறந்த ஊரு மதாம். பாண்டிச்சேரியப் பத்திப் பேசப் பாண்டிச்சேரி முழுக்க ஆள் இருக்கு. மொந்தர்வாலுக்கு இந்த நாட்டுல யாரு இருக்கா? என்னை விட்டா நாதியில்ல."

"இப்ப வேணாம்ங்கிறேன்."

"இப்பதான் மதாம் வேணும்."

மறுநாள் பால் வாங்க டெய்ரிக்குப் போனேன். இங்கே மூலைக்கடைக்கு அதுதான் பெயர். கண்ணாடியில் பெரிய எழுத்தில் ஒரு காகிதம், ஆங்கிலத்தில். 'மொந்தர்வால்: ஒரு சிறிய பிரெஞ்சு ஊரின் வரலாறும் சிறப்புகளும். அனைவரும் வருக.' பக்கத்தில் கையால் வரைந்த கோணல் கோபுரம். கீழே என் வீட்டுப் போன் நம்பர்! பால் புட்டியை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். எழுதினால் அச்சுப் போட மாட்டார்கள். கடைசியாகச் சொன்னது மட்டும் இது: "ஒண்ணு அந்த ஊரு, இல்ல இந்த வீடு. ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணிக்குங்க."

மீசையைத் தடவினார். "சரி மதாம். சனிக்கிழமை பேசிட்டு, ஞாயித்துக்கிழமை போயிடுறேன்."

எனக்கு அடித்துப் போட்டது மாதிரி இருந்தது. ஒரு துக்கடா ஊருக்காக இருக்கிற கூரையை விடுகிறவனை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? சனிக்கிழமை காலையில் இரும்புப் பெட்டி பூட்டுப் போட்டு வாசலில் நின்றது. போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த ஆளை அடித்தால் தூக்கிவர யாராவது வேண்டுமே. போனேன்.

ஹாலில் தமிழர்கள் பதினைந்து பேர் கதவுக்குப் பக்கமாகவே உட்கார்ந்திருந்தார்கள், ஓட வசதியாக. சொல்தா மெடலோடு நின்றார். வாய் திறக்கப் போகும்போது கெவின் உள்ளே வந்தான். கூட அவனை மாதிரியே மூன்று பேர். உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார்கள். சிவம் என் காதில், "அக்கா, துலைஞ்சம்" என்றார்.

"ஒரு கேள்வி" என்றான் கெவின். "அந்தக் கப்பல் வேலை உங்க ஆளுங்க செஞ்சதுதான?"

சொல்தா ஆங்கிலத்தில் பதில் சொன்னார். அந்த ஆங்கிலத்தை எழுத முடியாது. தமிழில் தருகிறேன்.

"ஆமா முசே. என் அரசாங்கம். நான் அவங்க பாஸ்போர்ட்டு வச்சிருக்கேன், அவங்க சோத்தத் தின்னிருக்கேன். வெக்கமா இருக்கு. இனிமே கொடி ஏத்த மாட்டேன். ஆனா மொந்தர்வால் அதைச் செய்யல. அங்க ரொட்டிக் கடைக்காரன் அன்னைக்கும் எழுந்து ரொட்டிதான் சுட்டான். அந்த ஊரப் பத்தி மட்டும் பேசிக்கிறேன். அப்புறம் நீங்க அடிக்கறதுன்னா அடிங்க."

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவர் ஆரம்பித்துவிட்டார். கோபுரம், வெள்ளத்தில் உடைந்த பாலம், சந்தை, துறை, ராஜா, பலகை. அரை மணி நேரம். முடிந்ததும் சிவம் மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்டார். "அண்ணை, நீங்கள் அங்க எத்தினை வருசம் இருந்தனீங்கள்?"

"பதினோரு நாளு."

நான் எழுந்தே விட்டேன். "எத்தனை?"

"பதினோரு நாளு, மதாம். இந்தோசீனாச் சண்டை முடிஞ்சு கப்பல்ல பிரான்சுல எறங்கினோம், அங்கேருந்து எங்கள லாரில வடக்க கூட்டிட்டுப் போனாங்க. அன்னைக்குத்தான் அந்தப் பாலம் ஒடஞ்சுது. ஊருக்குள்ள ஆளுக்கொரு வீட்டுல தங்க வச்சாங்க. நான் போன வீட்டுல ஒரு பொம்பள. என் சட்டையப் பார்த்தா, முழுக்கச் சேறு. புடுங்கிட்டுப் போயி, துறையில வச்சுத் திட்டிக்கிட்டே தொவச்சா. எந்த ஊரு, என்ன நெறம், எதுவும் கேக்கல. சட்டைய ஏன் இப்படி வச்சிருக்கன்னு மட்டும் திட்டினா. நாலு வருஷச் சண்டையில என்னை ஒருத்தரும் அப்படித் திட்டல." என் பக்கம் திரும்பினார். "அதுக்கப்புறம் நீங்கதான் மதாம்."

ஆறு வருஷம் கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி அந்த ஊரைப் பாடப்போகிற மனிதர், அதில் பாதி போன பிறகும் இதைச் சொல்லவில்லை பாருங்கள். கோபுரத்தைச் சொன்னார், பூண்டைச் சொன்னார். இதை மட்டும் வைத்துக்கொண்டார். எனக்கு அவரைப் பளாரென்று அறைய வேண்டும் போல இருந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

பின்னாலிருந்து கெவினின் குரல் வந்தது. கை இன்னும் கட்டியபடிதான்.

"அந்தப் பாலத்தைச் சரி பண்ணினாங்களா, இல்லையா?"

"பலகை போட்டாங்க முசே. பன்னெண்டாம் நாள் லாரி கிளம்பிட்டுது."

"பலகை தாங்காதே" என்றான் கெவின். கூட வந்த மூன்று பேரில் ஒருவன் தாங்கும் என்றான். அவர்கள் வெளியே போய் அதைப் பற்றியே வாதாடினார்கள். சிவம் அவசரமாக வடையை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னால் ஓடினார்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைக் காட்டி, "பிரிங்க அண்ணே, துணியெல்லாம் கசங்குது" என்றேன். "மெர்சி மதாம்" என்றார். மறுநாள் எலுமிச்சம்பழம் வந்தது. மறுநாளே மொந்தர்வாலும் வந்தது, நான் ரசம் வைக்கும்போது.

எண்பத்தெட்டில் பாண்டிச்சேரியில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போனார். அங்கேயே கண்ணை மூடினார். இப்போது ஸ்லீப்-அவுட்டில் புல் வெட்டும் மெஷினும் பழைய மெத்தையும் கிடக்கின்றன. வீட்டை வாங்க விசாரித்து வருகிறவர்கள் அதன் கதவைப் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்கிறார்கள். கதவில் ஒரு மரப்பலகை. 'சொல்தா இங்கே ஆறு வருஷம் தூங்கினார்' என்று எழுதியிருக்கிறது. பலகையை அறுத்து இழைத்துக் கொடுத்தவன் கெவின். ஆணி அடித்தது நான். வீட்டை விற்பதாக இருந்தால் அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டுதான் விற்பேன்.