ஏழு நிமிடம் ஓடிய மாமா

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியைப் பார்த்து ஊரே சிரிக்கும். எனக்கு மட்டும் அந்த ஆண்டிமேல் ஒரு பாசம் உண்டு. என்னாலும் எதையும் சும்மா விட முடியாது. உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் கை எதையாவது திருகும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த காற்றாடியைக் கழற்றி, ஓடாத காற்றாடியாகத் திரும்ப மாட்டிய பெருமை எனக்கு இருக்கிறது. ("உங்க கையில ஸ்க்ரூ டிரைவரப் பார்த்தாலே எனக்கு வயித்தக் கலக்குது" என்பாள் மனைவி கவிதா.)

எங்களுக்குக் கல்யாணமான முதல் வருடம் அது. கவிதாவின் அப்பா, என் மாமா, மலேசியாவில் ஜொகூர் மாநிலத்துச் சிகாமட்காரர். சுகாதார இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்கள் பக்கம் பரம்பரையாக அரசாங்க உத்தியோகம். என் அப்பாவோ பண்டார் தெங்காரா பக்கம் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டிய தோட்டத் தொழிலாளி. மாமா அதைக் குறைவாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. பொதுவாகவே அவர் வார்த்தைகளைச் செலவழிப்பதில்லை. நான் சிங்கப்பூரில் ஒரு அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். பார்க்கும்போதெல்லாம் "வேலை நிரந்தரமாயிடுச்சா?" என்று கேட்பார். "ஆயிடுச்சு மாமா" என்பேன். அடுத்த மாதம் மறுபடியும் கேட்பார். அவர் வாயால் ஒரே ஒரு 'பரவாயில்லை' வாங்கிவிட வேண்டும் என்று நான் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும்.

அந்த நேரம் பார்த்து மாமாவுக்குத் தொலைக்காட்சியில் பேச அழைப்பு வந்தது. டிங்கிக் காய்ச்சல் பரப்பும் கொசுவை ஒழிப்பது பற்றி அரை மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை மத்தியான நிகழ்ச்சியில். பேசி, பதிவாகி, ஒளிபரப்பு நாளும் தெரிந்த பிறகுதான் வில்லங்கம் புரிந்தது. அதே ஞாயிறு, அதே நேரம், சிகாமட்டில் அவருடைய தம்பி மகளுக்குக் கல்யாணம். மூத்தவர் மணவறைக்குப் பக்கத்தில் நிற்காமல் டிவி முன்னால் உட்கார முடியுமா? அது மறுஒளிபரப்பு இல்லாத, இணையத்திலும் ஏற்றாத நிகழ்ச்சி. வாழ்நாளில் ஒரே தடவை டிவியில் வருகிறார், அதை அவராலேயே பார்க்க முடியாது. மாமா அன்று சாப்பாட்டில் இரண்டாவது தடவை ரசம் கேட்கவில்லை. அவ்வளவு வருத்தம்.

நான் குதித்தேன். கணினியில் டிவி அலைவரிசையைப் பிடிக்கும் ஒரு சின்ன ட்யூனரைச் செருகி, கூரை ஆன்டெனாவின் கம்பியை அதில் மாட்டினால் கணினியே நேரம் பார்த்துப் பதிவு செய்துகொள்ளும் என்றேன். அதோடு நிறுத்தினேனா? மாடி அறையில் இருக்கும் கணினியிலிருந்து ஹாலில் இருக்கும் பெரிய டிவிக்கு வயரே இல்லாமல் வைஃபையில் படம் வரும், கல்யாணத்துக்கு அடுத்த ஞாயிறு சொந்தக்காரர்கள் எல்லாரும் கூலாயில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுங்கள், சேர்ந்து பார்க்கலாம் என்றும் அறிவித்துவிட்டேன். மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை.

"பென்டிரைவ்ல போட்டு டிவியில சொருகுனா போதாதா?" என்று கவிதா தனியாகக் கேட்டாள். கார் இருக்கும்போது மாட்டுவண்டியைப் பற்றிப் பேசுகிறாளே என்று பரிதாபப்பட்டேன்.

சிகாமட் கல்யாணம் முடிந்து சாயங்காலம் வீடு திரும்பியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடினேன். கணினியைப் போட்டேன். பதிவு இருந்தது. தட்டினேன். மாமா முகம் வந்தது. ஐந்து வினாடி பார்த்துவிட்டு மூடினேன். (முழுசா பாத்திருக்கலாம்லா. நீங்க சொல்றது சரிதான். இப்ப சொல்லி என்ன செய்ய?)

அந்த வாரம் முழுக்க நான் ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றினேன். படிக்கட்டில் வைத்தேன், அலமாரிமேல் வைத்தேன், சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்து அம்மாவிடம் திட்டு வாங்கினேன். வீட்டில் எனக்கென்று இருந்த ஒன்றிரண்டு வேலைகளும் மறந்துபோயின.

ஞாயிறு வந்தது. மட்டன் வெந்துகொண்டிருந்தது. ஹாலில் இருபது பேர். மாமா வெள்ளைச் சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டு, நடு சோபாவில் உட்கார்ந்தார். நான் ரிமோட்டை மந்திரக்கோல் மாதிரி நீட்டினேன். டிவியில் என் கணினியின் பெயர் வந்தது. அதற்குள் போனால் பதிவுகளின் பட்டியல். டிவி அவற்றின் பெயர்களையும் இவ்வளவு பெரிதாகக் காட்டும் என்று நான் யோசித்திருக்கவில்லை. 'அம்மா சீரியல்', 'பந்து விளையாட்டு', அதற்குக் கீழே மாமாவின் நிகழ்ச்சி. அவசரத்தில் அதற்கு நான் வைத்திருந்த பெயர் 'கொசு'.

சட்டென்று தட்டினேன். மாமா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். படித்தாரா இல்லையா என்று தெரியவில்லை.

படம் ஓடியது. நன்றாகவே ஓடியது. எல்லாரும் மாமாவையும் டிவி மாமாவையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார்கள். நிகழ்ச்சி நடத்திய பெண் கேட்டாள், "கொசு இருக்கான்னு பார்க்க ஒரு வீட்டுக்குப் போனா, முதல்ல எங்க பார்ப்பீங்க?" டிவி மாமா வாயைத் திறந்தார். திறந்தபடி நின்றுவிட்டார். திரை நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"வைஃபைதான், ஒரு நிமிஷம்" என்றேன். எல்லாரையும் கைப்பேசியை அணைக்கச் சொன்னேன். ரவுட்டரை ஜன்னலுக்கு மாற்றினேன். முதலிலிருந்து போட்டேன். மாமா வந்தார், பேசினார், அந்தப் பெண் கேட்டாள், வாய் திறந்தது, வட்டம். வழியை மறைக்கிறார்கள் என்று சொந்தக்காரர்களைச் சுவரோரம் தள்ளினேன். சித்தப்பா ஒருவரை ரவுட்டரைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் நிற்க வைத்தேன். மேலே ஓடினேன், கீழே ஓடினேன், ஒரு செருப்பை எங்கோ தொலைத்தேன். மூன்றாவது தடவையும் அதே வாய், அதே வட்டம்.

கவிதா மெதுவாகச் சொன்னாள். "மூணு தடவையும் அதே இடத்துலதான் நிக்குது. வைஃபைக்கு அவ்வளவு ஞாபக சக்தியா இருக்கும்?"

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். பதிவின் மொத்த நீளம் ஏழு நிமிடம் பன்னிரண்டு வினாடி. அதற்குமேல் ஒன்றுமே இல்லை. கீழே இறங்கி வந்து அதைச் சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. சமையலறை வாசலில் கரண்டியோடு நின்ற அம்மாவுக்கு மட்டும் தெளிவாகக் கேட்டது.

"அன்னிக்கு மத்தியானம் இடி இடிச்சுச்சுப்பா. முட்டி வலின்னு நான்தான கல்யாணத்துக்கு வராம வீட்ல இருந்தேன். கஷ்டப்பட்டு மாடி ஏறி எல்லா பிளக்கையும் புடுங்கிட்டேன். மழ விட்டதும் திரும்பச் சொருகிட்டேனே" என்றார்.

அம்மாமேல் தப்பே இல்லை. ஜொகூரில் மத்தியான இடிக்கு ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் எழுந்துபோய் டிவி, மோடம் பிளக்குகளைப் பிடுங்குவார்கள். நானே பிடுங்கியிருக்கிறேன். காற்றில் படம் அனுப்பத் தெரிந்த எனக்கு, அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகத் தெரியவில்லை.

மாமா வாய் திறந்து நிற்கும் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் அப்போது கோபத்தைப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். பார்த்தது ஏமாற்றம். பாய்க்கு அடியில் புகுந்துவிடலாமா என்று இருந்தது.

பிறகு அவர் எழுந்தார். டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று, தொண்டையைச் செருமினார்.

"முதல்ல வீட்டோட பின்பக்கத்தப் பார்க்கணும்" என்றார்.

ஏழு நிமிடத்தில் நின்ற நிகழ்ச்சி அங்கிருந்து தொடர்ந்தது. முன்வாசல் பூச்சாடியை எல்லாரும் பார்ப்பார்கள், பின்பக்கத்தை வீட்டுக்காரனே பார்ப்பதில்லை என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டார்ச் வந்தது. (ரிட்டயர் ஆனாலும் அந்தப் பழக்கம் போறதில்ல.) செய்து காட்டினால்தான் புரியும் என்று சமையலறை வழியாகப் பின்கதவுக்கு நடந்தார். இருபது பேரும் பின்னால் போனார்கள். ரவுட்டரோடு சித்தப்பாவும்.

அப்போதுதான் எனக்குப் பக்கெட் ஞாபகம் வந்தது. ஏர்கான் தண்ணீர் வீணாகக் கூடாது, செடிக்கு ஊற்றலாம் என்று அம்மா குழாய்க்குக் கீழே வைத்திருக்கும் பக்கெட். இரண்டு நாளுக்கு ஒரு தடவை அதைக் காலி செய்வது என் வேலை. ரவுட்டரைத் தூக்கி அலைந்த வாரத்தில் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

மாமா குனிந்து டார்ச் அடித்தார். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். தண்ணீருக்குள் கொசுப்புழுக்கள் என்னைவிட அமைதியில்லாமல் துள்ளிக்கொண்டிருந்தன.

மாமா நிமிர்ந்தார். பதிவின் பெயரைப் படித்தும் இருக்கிறார், அவ்வளவு நேரமும் மறக்காமல் வைத்தும் இருந்திருக்கிறார்.

"மாப்பிள்ள, டிவியில ஒரு கொசுவத்தான் காட்டுனீங்க" என்றார். "மிச்சம் எல்லாம் இங்க இருக்கு."

முதலில் சிரித்தது என் அம்மா. பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. மாமா பக்கெட்டைக் கவிழ்த்துவிட்டு, நிற்கும் தண்ணீர் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். டிவியில்கூட அவருக்கு அரை மணி நேரம்தான் கொடுத்திருந்தார்கள். சாப்பிடும்போது ரசத்தை இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

அந்தப் பதிவை நான் அழிக்கவில்லை. பெயரை மட்டும் 'மரியாதைக்குரிய மாமா அவர்கள்' என்று மாற்றினேன். ஒரு பயனும் இல்லை. சிகாமட் குடும்பத்தில் இன்றுவரை என் பெயர் கொசு மாப்பிள்ளை. மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலில் செருப்பைக் கழற்றுவதில்லை. டார்ச்சோடு நேராகப் பின்பக்கம் போய், பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார். வேலை நிரந்தரமாகிவிட்டதா என்று இப்போது கேட்பதில்லை. மத்தியானம் இடி இடித்தால் மட்டும் சிகாமட்டிலிருந்து போன் வரும்.

"மாப்பிள்ள, பிளக்கப் புடுங்கியாச்சா?"

"ஆச்சு மாமா."

"பக்கெட்டு?"

போனைக் காதில் வைத்தபடியே பின்பக்கம் ஓடுவேன். திரும்பி வந்து, கவிழ்த்துவிட்டேன் என்று சொன்னால், "பரவாயில்ல" என்பார்.